டைமண்ட் டவ் ஜோடி: ரெண்டு கடை, நாலு முட்டை, ஒன்றரை வருஷ அனுபவம்

சேலத்துல டைமண்ட் டவ்ங்குற குட்டிப் புறா வாங்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கவங்களுக்காக எழுதுறேன். நான் வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. வீடு அம்மாபேட்டை, கீழ ரெண்டு தறி ஓடுது, மேல மொட்ட மாடில ஷீட் போட்ட எடத்துல கூண்டு. பறவைக்கு 5க்கு 5 குடுப்பேன். மொத வாங்குன கடைக்கு 1. அப்புறம் போன கடைக்கு நாலரை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பரவால்ல படிங்க, எனக்கு இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா ஆறு மாசம் வீணா போயிருக்காது.

போன வருஷம் பொங்கல் முடிஞ்சு பாப்பா கேட்டான்னு தான் போனேன். எல்லாரும் வாங்குற லவ் பேர்ட்ஸ் தான் வாங்குறதா ப்ளான். கடைல கீழ் வரிசைல ஒரு சின்ன கூண்டுக்குள்ள சாம்பல் கலர்ல சின்னதா ரெண்டு ஒண்ண ஒண்ணு ஒட்டி உக்காந்திருந்துச்சு, றெக்கைல வெள்ளை வெள்ளையா புள்ளி, யாரோ சாக்பீஸ் தூள தெளிச்ச மாதிரி. பாப்பா அங்கயே நின்னுட்டா. கடைக்காரர் "டைமண்ட் டவ் சார், கேரண்டி ஜோடி, ரெண்டு மாசத்துல முட்ட வெச்சுடும்"னு சொல்லி 1400 ரூபாய் வாங்கிட்டாரு. வயசு கேட்டதுக்கு மூணு மாசம்னாரு. அங்கயே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும், அப்போ விவரம் தெரியல.

விவரம் இது தான். இந்த பறவைல ஆண் பெண் பாக்குறதுக்கு கண்ண சுத்தி இருக்க வளையத்த தான் பாப்பாங்க. ஆணுக்கு அந்த வளையம் பட்டையா, நல்ல செவப்பு ஆரஞ்சா தடிச்சு இருக்கும், கூடு கட்டுற நேரத்துல இன்னும் எடுப்பா தெரியும். பெண்ணுக்கு ஒல்லியா வெளிறிப் போய் இருக்கும், ஒடம்புலயும் கொஞ்சம் பழுப்பு அடிக்கும். ஆனா இதெல்லாம் ஆறு மாசம் பக்கம் ஆனா தான் தெளிவா தெரியும். மூணு மாச குஞ்சுல வளையமே சரியா வந்திருக்காது, அத வெச்சு கேரண்டி ஜோடின்னு யாராலயும் சொல்ல முடியாது.

மே மாசம் முட்டை வந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். கொட்டாங்குச்சில தென்னை நார் போட்டு வெச்சிருந்தேன், காலைல பாத்தா ஒண்ணு, அடுத்த நாள் ரெண்டு, அப்புறம் மூணு, நாலு நாள்ல நாலு முட்டை. வெள்ளை வெளேர்னு, புளியங்கொட்டைய விட கொஞ்சம் பெருசு அவ்ளோ தான். ரெண்டும் மாத்தி மாத்தி ஒழுங்கா அடை காத்துச்சு, சில சமயம் ரெண்டும் ஒரே கூட்டுல நெருக்கிட்டு உக்காரும். 13, 14 நாள்ல பொரிக்கணும். 20 நாள் ஆச்சு ஒண்ணும் இல்ல. ராத்திரி போன் டார்ச்ச அடில வெச்சு ஒவ்வொண்ணா பாத்தேன், உள்ள ரத்த நாளம் ஓடுனா செவப்பா வலை மாதிரி தெரியணும், நாலுலயும் வெறும் மஞ்சள் வெளிச்சம் தான். எடுத்துட்டேன். ஜூன்ல திரும்ப நாலு. அதுவும் போச்சு.

மொத கடைக்கு போயி கேட்டா "தீனி சரியில்ல சார், கால்சியம் பத்தல"ன்னு ஒரு பாட்டில் டானிக்க வித்து விட்டாரு. அதுக்கும் 180 ரூபாய். கடை பேரு போடல, போட்டு என்ன ஆகப் போகுது, ஆனா அந்த மனுசன் கூண்டுக்குள்ள எட்டிப் பாக்கக்கூட இல்லையேங்குறது தான் எனக்கு இன்னும் கோவம்.

அப்புறம் நூல் கடைல ஒருத்தர் பேச்சுவாக்குல சொல்லித்தான் சூரமங்கலம் பக்கம் இருக்க இன்னொரு கடைக்கு போனேன். கடைன்னு கூட சொல்ல முடியாது, வீட்டு முன்பக்க ரூம், போர்டு கெடையாது, உள்ள பின்ச்சும் புறாவும் மட்டும் தான். வயசான மனுசன். நான் "நாலு முட்டை வெக்குதுண்ணா, பொரிக்க மாட்டேங்குது"ன்னு சொல்லி முடிக்கல, "ரெண்டும் பொட்டை தம்பி"ன்னுட்டாரு. பறவையவே பாக்காம! அப்புறம் தான் விளக்குனாரு, டவ் எப்பவும் ஒரு ஈட்டுக்கு ரெண்டு முட்டை தான் வெக்கும், மூணு நாலுன்னு இருந்தா ரெண்டு பொட்டை ஒரே கூட்டுல வெக்குதுன்னு அர்த்தம், ஆண் இல்லாட்டி பொட்டையும் பொட்டையும் ஜோடி சேர்ந்துக்கும், பாவம் அதுங்களும் நாள் கணக்குக்கு காக்கும்னாரு. டானிக் பாட்டில காட்டுனேன், வாங்கிப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, ஓரமா வெச்சுட்டாரு.

உடனே ஆண் பறவை குடுத்துட்டாரான்னா இல்ல. கூண்டு போட்டோ காட்ட சொன்னாரு. என் கூண்டு அப்போ ஒன்றரைக்கு ஒன்றரை அடி, ஒசரம் மட்டும் மூணு அடி. அத பாத்துட்டு "இது கிளிக்கு தம்பி. இது தரைல மேயுற ஜாதி, நடக்க எடம் வேணும். மூணடி நீளத்துக்கு கூண்டு மாத்திட்டு வாங்க, அது வரைக்கும் ஆண் இங்கயே இருக்கட்டும்"னாரு. காசு கைல வெச்சிருக்கேன், விக்க மாட்டேங்குறாரு. அன்னைக்கு கொஞ்சம் எரிச்சலா தான் வந்தேன். மறுநாள் உக்காந்து கவனிச்சா அவர் சொன்னது அப்படியே சரி, ரெண்டும் நாள் பூரா கீழ தான் இருக்கு, ஒன்றரை அடில நாலு எட்டு வெச்சா கம்பி வந்துடுது, திரும்புது, திரும்புது.

கூண்டு மூணுக்கு ரெண்டு அடில வெல்டு மெஷ்ல நானே அடிச்சேன். மேல கூரைக்கு கீழ ஒரு கொசுவலை துணிய தொய்வா கட்ட சொன்னாரு. எதுக்குன்னா இந்த பறவை பயந்துச்சுன்னா நேரா செங்குத்தா மேல எகிறும், கம்பில மண்டைய இடிச்சு தோலு கிழிஞ்சுடும். ராத்திரி பூனை வந்தாலோ கரண்ட் போயி இருட்டானாலோ அது தான் நடக்கும். ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு ராத்திரி பூரா எரியுது இப்போ. ஸ்டாண்டு கால் நாலையும் தண்ணி கிண்ணத்துல வெச்சிருக்கேன், எறும்புக்காக.

ஒரு பொட்டைய அவர்கிட்ட குடுத்துட்டு, மேல 600 ரூபாய் போட்டு ஆண் வாங்கிட்டு வந்தேன். வளையம் பாக்கணும் நீங்க, நல்லா பழுத்த மொளகா கலரு. கூண்டுல விட்டு பத்து நிமிஷம் கூட ஆகல, பொட்டை முன்னாடி போயி நின்னு தலைய தரை வரைக்கும் குனியுது, அதே நேரத்துல நீளமான வாலு விசிறி மாதிரி விரிஞ்சு மேல போகுது, வால் ஓரத்துல வெள்ளை பளிச்சுனு தெரியுது, "கூ... கூ"ன்னு ஒரு சத்தம். திரும்ப நிமிந்து திரும்ப குனியுது. பாப்பா "வணக்கம் சொல்லுதுப்பா"ன்னா.

இனி பறவைய பத்தி. இது நம்ம நாட்டுது இல்ல, ஆஸ்திரேலியா உள்நாட்டுல வறண்ட எடத்துல, தண்ணி கெடைக்குற எடத்த ஒட்டி கூட்டமா தரைல மேயுற ஜாதி. புறா வகைலயே ரொம்ப சின்னதுல ஒண்ணு. கொக்குல இருந்து வால் நுனி வரைக்கும் 20 சென்டிமீட்டர் பக்கம், அதுல பாதி வாலு தான், எடை 30 கிராம் கிட்ட, அதாவது ஒரு சிட்டுக்குருவி எடை. தலை, நெஞ்சு நீலம் கலந்த சாம்பல், வயிறு வெளுப்பு, றெக்கை பழுப்பு சாம்பல், அதுல கறுப்பு ஓரம் கட்டுன வெள்ளைப் புள்ளி, காலு ரோஸ் கலர். இப்போ கடைங்கள்ல சில்வர், வெள்ளைன்னு பல கலர் வருது, எனக்கு அந்த பழைய சாம்பல் தான் புடிச்சிருக்கு, புள்ளி அதுல தான் எடுப்பா தெரியும்.

தண்ணி குடிக்கிறத பாருங்க. கோழி ஒரு வாய் எடுத்து தலைய தூக்கி முழுங்கும், இது அப்படி இல்ல, மூக்க உள்ள விட்டு மாடு மாதிரி ஒரே இழுப்பா உறிஞ்சிட்டு போயிடும். காலைல எட்டு மணிக்கு வெயில் ஒரு பக்கமா கூண்டுல விழும், அப்போ ஒண்ணு தரைல ஒருக்களிச்சு படுத்துட்டு ஒரு றெக்கைய மட்டும் அப்படியே மேல தூக்கி விரிச்சு வெச்சுக்கும், கண்ணு பாதி மூடிக்கும். மொத தடவ பாத்தப்போ செத்துப் போச்சுன்னு பதறிட்டேன். வெயில் காயுதாம். மழைத் தூத்தல் அடிச்சாலும் இதே மாதிரி றெக்கைய தூக்கி நனையும்.

சத்தம் பத்தி கேப்பீங்க. லவ் பேர்ட்ஸ் மாதிரி கீச்சு கீச்சுன்னு காத கொடையாது. மெதுவா, கொஞ்சம் சோகமா ஒரு கூவல். கீழ தறி ஓடுறப்போ கேக்கவே கேக்காது, ஞாயித்துக்கிழமை தறி நின்னா தான் கேக்கும். கைல எடுத்து கொஞ்சுறதுக்கு இது ஆகாது, அத சொல்லிடுறேன். தோள்ல உக்காரணும், பேசணும்னு ஆசைப்பட்டா இத வாங்காதீங்க, உக்காந்து பாக்குறதுக்கான பறவை இது. தறில தார் (நூல் சுத்துன குச்சி) மாத்துற கேப்புல நான் மேல போயி அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வந்துடுவேன், எனக்கு அது போதும்.

தீனி லீ பஜார்ல வாங்குறேன். தினை, சாமை, கொஞ்சம் கம்பு. தீட்டுன அரிசி வேண்டாம், தோலோட கேளுங்க, கடைக்காரர் "விதைக்கா பறவைக்கா"ன்னு கேட்டுட்டு உள்ள மூட்டைல இருந்து எடுத்து குடுப்பாரு. ஒரு கிலோ ஒரு ஜோடிக்கு ரெண்டு மாசத்துக்கு மேல வரும். லவ் பேர்ட்ஸ் தோல உரிச்சு உரிச்சு வீடெல்லாம் உமி பறக்கும்ல, இது தோலோட அப்படியே முழுங்கிடும், அதனால குப்பை கம்மி. ஆனா உள்ள போன தானியத்த வயித்துல அரைக்கணுமே, அதுக்கு பொடி கல்லு வேணும், கிரிட்னு கேட்டா தருவாங்க. கூடவே கடல் நுரை (கணவாய் மீனோட ஓடு) ஒரு துண்டு கூண்டுல மாட்டி வெச்சுடுங்க, முட்டை ஓடு கெட்டியா வரும். 180 ரூபாய் டானிக்குக்கு வேலையே இல்ல. லவ் பேர்ட்ஸ் கூட ஒரே கூண்டுல மட்டும் போடாதீங்க, கால் விரல கடிச்சு வெச்சுடும்.

செப்டம்பர்ல ரெண்டே ரெண்டு முட்டை. டார்ச் அடிச்சா அஞ்சாவது நாள் செவப்பு வலை. பகல்ல அப்பா, சாயங்காலத்துல இருந்து காலைல வரைக்கும் அம்மா, ஷிப்ட் மாத்துறதுல ஒரு நாள் கூட தவறல, எங்க தறில கூட அவ்ளோ ஒழுங்கா ஷிப்ட் நடக்காது. குஞ்சு பொரிச்சப்போ கண்ணு தொறக்காம, மஞ்ச முடி அங்கங்க ஒட்டிக்கிட்டு, பாக்க ஒரு மாதிரி தான் இருந்துச்சு. மொத சில நாள் அதுக்கு தானியம் எல்லாம் கெடையாது, அப்பா அம்மா ரெண்டுக்குமே தொண்டைப் பைல பால் மாதிரி ஒண்ணு சுரக்கும், குஞ்சு வாய் உள்ள விட்டு அத குடிக்கும். பாலூட்டிங்களுக்கு பால் சுரக்க வெக்கிற அதே புரோலாக்டின் ஹார்மோன் தான் இதுக்கும் காரணமாம். ஆண் பறவையும் பால் குடுக்குதுன்னு சொன்னா எங்கம்மா நம்பவே இல்ல, நேர்ல காட்டுனேன். 12 நாள்ல குஞ்சு கூட்ட விட்டு எறங்கிடுச்சு. இவ்ளோ வேகமா வளரும்னு நெனைக்கல. அப்போ ஒடம்புல புள்ளி இருக்காது, மங்கலா வரி வரியா தான் இருக்கும், கண் வளையமும் தெரியாது. எறங்குன பிறகும் ரெண்டு வாரம் கிட்ட அப்பா தான் பின்னாடியே போயி ஊட்டுச்சு, அம்மா அதுக்குள்ள அடுத்த ஈடு வெச்சுடுச்சு.

இந்த எடத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன், அத எழுதாம விட்டா இது எழுதுனதுக்கே அர்த்தம் இல்ல. டவ் கூடு கட்டுறது பேருக்கு தான், நாலு குச்சி வெச்சு முடிச்சுடும், முட்டை கீழ தெரியும். பாவமா இருக்கேன்னு ஜனவரில தறில இருந்து வர்ற நூல் கழிவு ஒரு பிடி எடுத்து கொட்டாங்குச்சில போட்டேன், மெத்தை மாதிரி இருக்கும்னு. ஆண் அத ஆசையா எடுத்து எடுத்து அடுக்குச்சு. குஞ்சு எறங்குற நாள்ல ஒண்ணு எறங்கிடுச்சு, இன்னொண்ணு எட்டிப் பாக்குது, எட்டிப் பாக்குது, வர மாட்டேங்குது. கைல எடுத்தா இடது கால் நடு விரல்ல 60 நம்பர் நூல் ஒத்தையா சுத்தி இறுகி, விரல் கறுத்துப் போச்சு. ஊசியும் பாப்பா கத்திரியும் வெச்சு என் மனைவி தான் வெட்டி எடுத்தா, என் கை நடுங்குச்சு. விரல் நாலாவது நாள் உதுந்துடுச்சு. நூல் புழங்குற வீடுங்க நம்ம ஊருல நெறைய, அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டைன்னு எங்க பாத்தாலும் தறி தான், தயவு செஞ்சு நூல், முடி, பட்டுக் கழிவு எதுவும் கூட்டுல போடாதீங்க. தென்னை நார கூட விரல் நீளத்துக்கு துண்டு துண்டா வெட்டித் தான் போடணும், இல்லன்னா காஞ்ச அருகம்புல். சூரமங்கலத்து அண்ணாகிட்ட போன்ல சொன்னேன், திட்டல, "விரல் போனா பரவால்ல, கால் தப்பிச்சுது"ன்னு மட்டும் சொன்னாரு.

மாடில இன்னொண்ணு நடக்குது, எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். கூண்டுல இருந்து சிதறுற தினைய பொறுக்க நம்ம ஊரு புறா ரெண்டு வகை வரும். ஒண்ணு புள்ளிப்புறா, கழுத்துக்கு பின்னாடி கறுப்பு பட்டைல வெள்ளைப் புள்ளி போட்டது. இன்னொண்ணு தவிட்டுப்புறா, அத விட ஒல்லி, நெஞ்சுல செங்கல் கலர்ல கறுப்பு பொட்டு. மெஷ்ஷுக்கு இந்த பக்கம் அதுங்க, அந்த பக்கம் ஆஸ்திரேலியா புறா, ஒரே தினைய பொறுக்கிட்டு இருக்கும். ஆனா பாருங்க, புள்ளிப்புறாவ 1860கள்லயே மெல்போர்ன்ல கொண்டு போயி விட்டுட்டாங்க. 1898ல பெர்த் மிருகக்காட்சி சாலைல இருந்து புள்ளிப்புறா, தவிட்டுப்புறா ரெண்டையும் தொறந்து விட்டாங்க, இன்னைக்கு அந்த ஊரு தெருவுல சாதாரணமா சுத்துது. அங்க நம்ம புறா வெளிய திரியுது, இங்க அவங்க புறா என் கூண்டுல. இத தெரிஞ்சுகிட்டதுல இருந்து அந்த ரெண்டும் மெஷ்ஷுக்கு ரெண்டு பக்கமும் தலைய ஆட்டிட்டு மேயுறத பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.

இத ஏன் சொல்றேன்னா, பெரியப்பா ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டு "கூண்டுல வெக்கிறது பாவம்டா, ஏற்காடு கொண்டு போயி எஸ்டேட்டுல விட்டுடு, புண்ணியம்"னாரு. நல்ல மனசோட தான் சொன்னாரு. ஆனா தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க. கூண்டுலயே பொறந்து வளந்தது, வெளிய தீனி தேடத் தெரியாது, 20 கொண்டை ஊசி ஏறி மேல போனா பனியும் மழையும், இது வறண்ட காட்டுப் பறவை, சில்வர் ஓக் மேல வைரிங்குற வேட்டைப் பறவை உக்காந்திருக்கும், ஒரு நாள் தாங்குறதே பெருசு. அப்படியே தாங்கிப் பெருகுனாலும் தப்பு தான். நம்ம மைனாவ அதே 1860கள்ல மெல்போர்ன் கொண்டு போனாங்க, இன்னைக்கு அங்க உள்ளூர் கிளிங்க கூடு வெக்கிற மரப் பொந்த எல்லாம் அது புடிச்சுக்குதுன்னு பொலம்புறாங்க. வளக்க முடியலைன்னா வாங்குன எடத்துல திருப்பி குடுங்க. அதே மாதிரி வெளிய இருக்க நம்ம புள்ளிப்புறாவ புடிச்சு கூண்டுல போடுறதும் கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம்.

எங்க அக்கா ஏற்காடு மலை மேல நாகலூர்ல இருக்கா, ராத்திரி குளிரும், அவளும் ஒரு ஜோடி கேட்டா. சூரமங்கலத்து அண்ணாகிட்ட சொன்னா மொத கேள்வியே "ராத்திரி எங்க வெப்பாங்க?" வெளித் திண்ணைலன்னேன். "அப்போ வேண்டாம், வீட்டுக்குள்ள வெக்கிறதா இருந்தா கூட்டிட்டு வாங்க"ன்னுட்டாரு. இதுவும் ஒரு விக்காத வியாபாரம். சேலம் வெயில் பிரச்சன இல்ல, நெழல்ல வெச்சு ஏப்ரல் மே மாசத்துல கூரை ஷீட்டு மேல ஈரக் கோணி போட்டா போதும், தண்ணி மட்டும் ரெண்டு வேளை மாத்துங்க.

அரை மார்க் ஏன் கொறச்சேன்னா, அவர் கடை எப்போ தொறந்திருக்கும்னே தெரியாது, போனும் பாதி நேரம் எடுக்க மாட்டாரு, நான் மூணு தடவ பூட்டுன கதவ பாத்துட்டு திரும்பியிருக்கேன். காலைல பத்துக்குள்ள போங்க. காத்து ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி நீங்களே எடுத்துட்டு போங்க, அவர் குடுக்குறது செருப்பு டப்பா தான், அஞ்சு ரோடு சிக்னல்ல வெயில்ல மாட்டுனா பறவைக்கு கஷ்டம்.

குஞ்சுங்க பெருசானா அவரே எடுத்துக்குறாரு, அதுக்கு பதிலா கிரிட்டும் கடல் நுரையும் வாங்கிக்குறேன். இது வரைக்கும் ஏழு குடுத்திருக்கேன். விரல் போன குஞ்சு மட்டும் எங்ககிட்டயே இருக்கு, பாப்பா விட மாட்டேன்னுட்டா. ஆணா பெண்ணான்னு தெரியாமலே இருந்துச்சு, போன வாரம் கண் வளையம் செவக்க ஆரம்பிச்சிருக்கு. நேத்து சாயங்காலம் தறிய நிறுத்திட்டு மேல போனேன், பக்கத்து கூண்டு பொட்டை முன்னாடி நின்னு, ஒரு விரல் இல்லாத கால கொஞ்சம் அகட்டி ஊணிக்கிட்டு, தலைய தரை வரைக்கும் குனிஞ்சு வால விரிச்சுச்சு.